பாட்டுக்குக் கீழே யார் பேர்?

தலித் பத்திரிகைக்கும் லெட் செப்பலினுக்கும் என்னய்யா சம்பந்தம் என்று தோழர்கள் கேட்கலாம். சம்பந்தம் பாட்டில் இல்லை. பாட்டுக்குக் கீழே பொடி எழுத்தில் போடுகிற பேரில் இருக்கிறது.

1969இல் வந்தது அந்தக் குழுவின் முதல் இசைத்தட்டு. நாலு வெள்ளைக்கார இங்கிலீஷ் பையன்கள். கையில் எடுத்ததோ, மிசிசிப்பிப் பருத்திக்காட்டுக் கறுப்பர்கள் சிகாகோவுக்குச் சுமந்துவந்த ப்ளூஸ். ரெண்டு பாட்டுக்கு வில்லி டிக்சன் பேரைப் போட்டார்கள், சரி. கடைசிப் பாட்டில் ஹௌலின் உல்ஃப் 1951இல் பாடியதன் சாயல் அப்படியே கிடக்கிறது. கீழே மூணு வெள்ளைக்காரர் பேர்தான். ஜேக் ஹோம்ஸ் என்கிற வெள்ளைப் பாடகரின் பாட்டும் இதே தட்டில் பேரில்லாமல் ஏறியது. 2010இல் அவர் கோர்ட்டுக்குப் போன பிறகுதான் அவர் பேரும் சேர்ந்தது. அப்போ இது நிறவெறி இல்லையே என்று ஒரு புத்திசாலி கிளம்புவான். கேட்கவைக்கிற பலம் இல்லாதவன் பேர்தான் விட்டுப்போகிறது. அந்தப் பலத்தைக் கறுப்பனிடமிருந்து யார் பறித்தது என்பதையும் சேர்த்துக் கேட்கணும். ரெண்டாவது தட்டில் டிக்சனின் வரிகளே பேரில்லாமல் வந்தன. 1985இல் வழக்குப் போட்டார், 1987இல் சமரசம். பேரும் ராயல்டியும் இழந்த ப்ளூஸ் கலைஞர்களுக்காக ஓர் அறக்கட்டளையும் தொடங்கினார் அந்த மனுசன்.

அந்தப் பையன்களை முழுசாகத் திட்டவும் மனசு வரலை. 1965இல் அமெரிக்க டிவிக்குப் போன ரோலிங் ஸ்டோன்ஸ், ஹௌலின் உல்ஃபையும் மேடையேற்றணும் என்று நின்றார்கள். ரசனை நிஜம். ரசிக்கிறவனே பேரை விடுகிறான், அதுதான் உறுத்துகிறது.

நம்ம ஊருக்கு வருவோம். 2018 ஜனவரி 6, சென்னை கீழ்ப்பாக்கம். கானாவும் பறையும் சட்டியும் கிடாரோடு ஒரே மேடையில். தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்கிற பேரே அயோத்திதாசர் சிந்தனையிலிருந்து எடுத்தது. அதில் பாடிய அறிவு, 2019இல் ஆஃப்ரோவோடு 'தெருக்குரல்' என்ற ஆல்பத்தைக் கொண்டுவந்தார். 2021 மார்ச்சில் 'என்ஜாய் எஞ்சாமி'. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய அவர் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கை அதில் இருக்கிறது. அந்த ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், எழுதிய அறிவைக் காணோம். பா. ரஞ்சித் கேட்டார், சத்தம் எழுந்தது, பிறகு அறிவுக்குத் தனி அட்டை வந்தது. 2022 செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவிலும் அவர் இல்லாமலே பாட்டு மேடையேறியது. மெட்டில் யார் பங்கு எவ்வளவு என்று அறிவு, தீ, சந்தோஷ் நாராயணன் மூணு பேரும் அறிக்கை விட்டார்கள். அந்தப் பஞ்சாயத்துக்கு நான் நாட்டாமை இல்லை. விடுபடுகிற பேர் ஏன் சேரிப்பக்கத்துப் பேராகவே இருக்கிறது என்பதுதான் என் கேள்வி.

பேங்கில் உட்கார்ந்திருக்கிறவன் நான். கையெழுத்து லேசா மாறினாலே செக்கைத் திருப்பி அனுப்புவோம். காசுக்கு இருக்கிற இந்தக் கவனம் பறைக்கு இல்லை. 1930களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு போட்டபோது பழுப்பு நிலக்கரி தென்பட்டது என்கிறது நெய்வேலி வரலாறு. கிணறு தோண்டினவர் பேர் நான் படித்த எதிலும் இல்லை. டவுன்ஷிப்பில் வட்டத்துக்கு வட்டம் நம்பர் உண்டு. சாவு விழுந்தால் 'மேளக்காரன் வந்தாச்சா' என்பதோடு சரி.

அவங்களை விடுங்க. நம்ம இயக்க நோட்டீஸை எடுத்துப் பாருங்க தோழர்களே. பேச்சாளருக்குப் பட்டத்தோடு பேர். மாலை 5 மணிக்கு 'பறை முழக்கம்'. அடிக்கிறது யாரு? கையா, காத்தா?

அடுத்த இதழிலிருந்து நாலு பக்கம் இதற்கென்று ஒதுக்குகிறோம். உங்க ஊரில் பறையடிக்கிறவர், ஒப்பாரி வைக்கிற அம்மா, கானா கட்டுகிற தம்பி இவங்களிடம் சம்மதம் கேட்டு எழுதி அனுப்புங்க. யாரிடம் கத்துக்கிட்டார் என்பதையும் சேருங்க. செல்போனில் பதிவு செய்கிற மாணவர்கள் முதலில் அவர் பேரை அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்க, பிறகு பாட்டு.