பழைய மரமும் புதிய படமும்

விடுமுறையில் ஊர் செல்லும் வெளிமாநிலத் தமிழர் பலர், வீட்டிலுள்ள நிலைக்கதவு, மரத்தொட்டில், உலக்கை, அஞ்சறைப்பெட்டி ஆகியவற்றைக் கைப்பேசியில் படம் எடுத்து வருகிறார்கள். வரவேற்கத்தக்க பழக்கம். பொருள் விறகாகப் போனாலும் உருவமாவது மிஞ்சும்.

ஆனால், 'எச்.டி.ஆர்.' முறையில் எடுப்போருக்கு ஓர் எச்சரிக்கை தேவை. அரையிருட்டு வீட்டில் படம் எடுத்தால் கதவு கறுத்துப்போகும்; அல்லது வாசல் வெளுத்துப்போகும். ஒரே காட்சியைக் குறைந்த ஒளி, நடுத்தர ஒளி, மிகுந்த ஒளி என மும்முறை எடுத்துச் சேர்த்தால் இரண்டும் தெளியும். இதன் மூலக்கருத்து பழையது. 1850-களிலேயே பிரெஞ்சுக்காரர் குஸ்தாவ் லெ கிரே கடலுக்கு ஒரு நெகடிவ், வானத்துக்கு ஒரு நெகடிவ் என எடுத்து இணைத்தார். எனவே முறையைக் குறை கூறுவதற்கில்லை.

அளவு மீறும்போதுதான் தொல்லை. சிறு கீறலும் பள்ளமாகிறது. பொருளைச் சுற்றி ஒளிவட்டம் தோன்றுகிறது. தலைமுறைகளாகக் கைபட்டு வழவழத்த உலக்கை, துருவேறிய இரும்பாகத் தெரிகிறது. பாட்டியின் உழைப்பு பதிந்த அந்த வழவழப்பே போய்விட்டால் பேரனுக்கு எதைக் காட்டுவது?

காமிராவை அசையாமல் நிறுத்தி, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி எடுத்தாலே மரத்தின் ரேகை தெரியும். பொருளின் பெயரையும் புழங்கியவர் பெயரையும் படத்துடன் எழுதி வைக்க வேண்டும். அவற்றைச் சொல்லக்கூடிய பெரியவர்கள் வீட்டில் இருக்கும்போதே இதைச் செய்வது நல்லது.