"எல்லா" வேறு, "சில" வேறு



உயர்தரத்தில் அளவையியல் படிக்கும் பிள்ளைகளும், போட்டிப் பரீட்சைக்குத் தயாராகும் நம் பட்டதாரிகளும் தடுமாறும் ஓர் இடம் நியாயத்தொடை. இரண்டு கூற்று, ஒரு முடிவு. முடிவு உண்மையா என்று யாரும் கேட்கவில்லை. தந்த கூற்றுகளிலிருந்து அது கட்டாயம் வருகிறதா என்பதுதான் கேள்வி.

"எல்லா ஆடுகளும் பறவைகள். எல்லாப் பறவைகளும் பறக்கும். எனவே எல்லா ஆடுகளும் பறக்கும்." பிள்ளை சிரித்துக்கொண்டே பிழை போடும். ஆனால் வாதம் வலிதானது. கூற்றுகள் பொய் என்பது வேறு விடயம்.

"எல்லா மீனவர்களுக்கும் நீந்தத் தெரியும். ரியாஸுக்கு நீந்தத் தெரியும். எனவே ரியாஸ் மீனவர்." இதற்குப் பலர் சரி போடுவார்கள். இது வலிதற்றது. நீந்தத் தெரிந்தவர்கள் ஒரு பெரிய வட்டம். அதற்குள் மீனவர்கள் ஒரு சின்ன வட்டம். ரியாஸ் பெரிய வட்டத்துக்குள் இருக்கிறார், அவ்வளவுதான் தெரியும். சின்ன வட்டத்துக்குள் இருக்கிறாரா என்பதற்கு எந்தக் கூற்றும் பதில் சொல்லவில்லை.

வட்டம் கீறப் பழக்குவது நல்லது. ஆனால் முடிவுக்குப் பொருந்தும் ஒரு படத்தைக் கீறிவிட்டு பேனையை வைத்துவிடக் கூடாது. கூற்றுகள் இரண்டும் சரியாக இருக்க, முடிவு மட்டும் பிழைக்கும் ஒரு படத்தைக் கீற முடிகிறதா என்று தேட வேண்டும். ஒன்று கிடைத்தாலே போதும், அந்த முடிவு செல்லாது. "இரண்டு கூற்றிலும் 'சில' வந்தால் முடிவு வராது" என்ற சூத்திரத்தைப் பாடமாக்கினால் புள்ளி வரும். ஏன் வராது என்று கேட்கும் பழக்கம் வராது.

அந்தப் பழக்கம் நமக்கு மிகவும் தேவை. 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு நம்மீது வைக்கப்பட்ட வாதம் என்ன? "குண்டு வைத்தவர்கள் எல்லாரும் முஸ்லிம்கள். இவரும் முஸ்லிம். எனவே இவரும் அந்தக் கூட்டம்." ரியாஸை மீனவராக்கிய அதே பிழை. அடுத்த மாதமே மினுவாங்கொடையில் கடைகள் எரிந்தன.

நாமும் சுத்தமில்லை. ஒருவர் காசு ஏமாற்றினால் "அந்த ஊர்க்காரங்க எல்லாரும் அப்படித்தான்" என்கிறோம். ஒன்றை எல்லாமாக்கி வட்ஸ்அப்பில் அனுப்புகிறோம், பிள்ளைகள் பக்கத்தில் இருந்து கேட்கிறார்கள்.

அளவையியலை "கலைப்பிரிவில் இலேசான பாடம்" என்று சொல்லும் பெற்றோரே, இன்றிரவு பிள்ளையிடம் அந்த மீனவர் படத்தைக் கீறச் சொல்லுங்கள். நீங்களும் பக்கத்தில் இருந்து ஒன்று கீறிப் பாருங்கள்.