சத்தம் கேட்டும் ஓட்டினோம்

புஞ்சாக் ஆலாம், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, கோலசிலாங்கூர் என்று செம்பனைக் குலை ஏற்றி ஓடும் லோரிக்காரர்கள் நாங்கள். ஓட்டுநர், முதலாளி, பட்டறையில் வண்டிக்கு அடியில் படுப்பவர் எல்லாரையும் சேர்த்தே சொல்கிறேன். முன்சக்கரப் பேரிங் உடைந்து சாலையோரம் நின்ற லோரிகளில் பெரும்பாலானவை, நாங்கள் கவனித்திருந்தால் நின்றிருக்காது.

பேரிங் சொல்லிவிட்டுத்தான் போகிறது. முதலில் ஒரு முனகல். வேகம் ஏற ஏறக் கூடும், வளைவில் மாறும். பிறகு சக்கரத்தின் நடுவில் பேரிங் உட்காரும் ஹப் சுடும். கையைக் கிட்டே கொண்டுபோனாலே தெரியும். அதற்குப் பிறகும் ரேடியோவைக் கூட்டி வைத்துவிட்டு ஓட்டினோம். வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போகாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும், கூலியோ டன் கணக்கில். இரண்டும் உண்மைதான். ஆனால் மழையில் வெட்டு நின்ற நாட்களில்கூட நாங்கள் சக்கரத்தைக் கழற்றவில்லையே.

அந்த மழைதான் பேரிங்குக்கு எமன். கடலோரக் களிமண் பாதையில் சக்கரம் சேற்றில் புதைந்து எழும்போது, தேய்ந்த ஆயில் சீல் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். கிரீஸ் பால் கலந்த மாதிரி வெளுத்து, வழவழப்பை இழக்கும். ரோலரும் அது ஓடும் வளையமும் நேருக்கு நேர் உரசி, குழி விழுந்து, சூட்டில் நீலம் பாயும். ஹப்பில் ஆக மலிவான சாமான் அந்தச் சீல். அதைத்தான் மாற்றாமல் விட்டோம்.

உடைந்த பிறகாவது ஒழுங்காகப் பழுது பார்த்தோமா? உள் பேரிங், வெளி பேரிங் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டிய இடத்தில், கெட்டதை மட்டும் மாற்றினோம். குழி விழுந்த பழைய வளையத்தைத் தட்டி எடுக்கச் சோம்பி, அதிலேயே புது ரோலரை ஓடவிட்டோம். கிரீஸை உள்ளங்கையில் வைத்து ரோலர்களுக்குள் புகும்வரை அழுத்த வேண்டும். மேலாகப் பூசி முடித்தோம். நட்டில்தான் பெரிய குற்றம். சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே இறுக்கி, ரோலர் உட்கார்ந்ததும் தளர்த்தி, கடைசியில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஆட்டம் இல்லாமல் விட வேண்டும். டயல் கேஜ் வைத்துப் பார்க்கிற வேலை இது. நாங்கள் ஸ்பானரில் நீளக் குழாயைச் சொருகி, பலம் கொண்டமட்டும் இறுக்கினோம். நட்டைப் பூட்டும் பழைய கொட்டர் பின்னையே நிமிர்த்திப் போட்டவர்களும் உண்டு. பேரிங் மறுபடி எரிந்தபோது, சாமான் மட்டம் என்று கடைக்காரரைத் திட்டினோம்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை புஸ்பகோம் வாகனச் சோதனை. அதற்கு முந்தின நாள் நல்ல டயரை இரவல் வாங்கி மாட்டியவர்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள்.

2025 மே 13 அன்று தெலுக் இந்தானில் லோரியோடு மோதி எஃப்ஆர்யூ எனும் கலகத் தடுப்புப் படைக் காவலர்கள் 9 பேர் இறந்தார்கள். அந்த விபத்தின் காரணங்கள் வேறு. ஆனாலும் அந்தப் படங்களைப் பார்த்த பிறகு எங்களில் எத்தனை பேர் வண்டியை ஜாக்கில் தூக்கி முன்சக்கரத்தை ஆட்டிப் பார்த்தோம்?

பின்னால் இரட்டை டயர். ஒன்று போனாலும் மற்றது கொஞ்சம் தாங்கும். முன்னால் ஒற்றைச் சக்கரம், ஸ்டீரிங்கும் அதில்தான். அது கழன்றால் லோரி எந்தப் பக்கம் பாயும் என்பது எங்கள் கையில் இல்லை. புஞ்சாக் ஆலாம் யுஐடிஎம் பல்கலைக்கழக வளாகத்துக்கு மோட்டாரில் போகும் பிள்ளைகளுக்கு, பக்கத்தில் வரும் லோரியின் ஹப் கொதிப்பது தெரியாது. எங்களுக்குத் தெரிந்திருந்தது.