‘அப்போதே சொன்னோமே’ என்கிற சாக்கு

திறமூல மென்பொருள் ஒன்றிலிருந்து பழைய வசதியைத் தூக்கிவிடுகிறார்கள். அதை நம்பியிருந்த ஒருவரின் நிரல் மறுநாள் படுத்துவிடுகிறது. ஏன் இப்படி என்று போய்க் கேட்டால் பதில் தயாராக இருக்கும்: “நாலு பதிப்புக்கு முன்பே வெளியீட்டுக் குறிப்பில் போட்டோமே, படிக்கவில்லையா?” கேட்டவர் வாயை மூடிக்கொள்வார். சுற்றியிருப்பவர்களும் பதில் சரிதான் என்று தலையாட்டுவார்கள். முன்கூட்டியே அறிவித்துவிட்டால் பொறுப்பு தீர்ந்தது, அதன்பிறகு எது உடைந்தாலும் பயனர் பாடு என்ற எண்ணம் மென்பொருள் உலகில் எழுதாத சட்டமாகிவிட்டது. இந்தச் சட்டம் தப்பு. யார் காதில் விழ வேண்டுமோ அவர் காதில் விழாத எச்சரிக்கையால் எச்சரித்தவருக்கு மட்டுமே லாபம்.

2023 மார்ச் 14 அன்று ரெடிட் தளம் 314 நிமிடம் முடங்கியது. அதன் பொறியாளர்கள் அன்று குபர்னெட்டீஸ் மென்பொருளை 1.23 பதிப்பிலிருந்து 1.24க்கு மாற்றினார்கள். மாற்றிய சில நிமிடங்களில் தளம் விழுந்தது. முந்தைய பதிப்புக்குத் திரும்புவதற்குக் குபர்னெட்டீஸில் முறையான வழி இருக்கவில்லை. பேக்கப்பிலிருந்துதான் மீட்க வேண்டியிருந்தது. காரணம் என்ன? குபர்னெட்டீஸில் மற்ற இயந்திரங்களை நிர்வகிக்கும் கட்டுப்பாட்டு இயந்திரங்களின் மீது ‘மாஸ்டர்’ என்றொரு லேபிள் இருந்தது. அடிமைமுறையை நினைவூட்டும் சொல் என்பதால் குபர்னெட்டீஸ் திட்டத்தினர் அதற்குப் பதிலாக ‘கன்ட்ரோல் பிளேன்’ என்ற லேபிளைக் கொண்டுவந்தார்கள். 1.24இல் பழைய லேபிள் அறவே போய்விட்டது. ரெடிட்டின் நெட்வொர்க்கை நடத்திவந்த கேலிகோ என்ற மென்பொருளோ, எந்த இயந்திரங்கள் வழியாகப் பாதைத் தகவலைப் பரப்புவது என்பதை அந்தப் பழைய லேபிளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டது. லேபிள் போனதும் அதற்கு ஒரு இயந்திரமும் தென்படவில்லை.

முன்னறிவிப்பு இல்லாமல் இது நடக்கவில்லை. 2020 டிசம்பரில் வந்த 1.20 பதிப்பிலேயே அந்த லேபிள் போகப்போகிறது என்று அறிவித்துவிட்டார்கள். இரண்டு வருடத்துக்கு மேல் அவகாசம். ஆனால் ரெடிட்டின் அந்த நெட்வொர்க் அமைப்பைப் பல வருடங்களுக்கு முன்பு செய்துவைத்த ஆட்கள் வேறு இடம் போய்விட்டார்கள். அப்படி ஒன்று இருப்பதே பிறகு வந்தவர்களுக்குத் தெரியாது. 1.20க்கும் 1.24க்கும் இடைப்பட்ட பதிப்புகளில் இரண்டு லேபிள்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன, இரண்டும் வேலை செய்தன. பழையதைப் பயன்படுத்துகிறவரிடம் ‘இதைத் தொடாதே’ என்று எதுவும் சொல்லவில்லை. ரெடிட்டின் கவனக்குறைவு அவர்கள் கணக்கில்தான் சேரும், அதை மறுக்கவில்லை. ஆனால் எதை நம்பியிருக்கிறோம் என்றே அறியாதவருக்கு, ‘அது போகப்போகிறது’ என்ற வரி கண்ணில் பட்டாலும் மனதில் பதியாது.

சரி, குறிப்பில் மட்டும் எழுதாமல், நிரல் ஓடும்போதே திரையில் எச்சரித்தால்? ஈகிரெப் என்ற கட்டளையை எடுத்துக்கொள்வோம். யூனிக்ஸ் உலகில் 1970கள் முதல் புழங்கும் கட்டளை அது. 2022 செப்டம்பரில் வந்த குனு கிரெப் 3.8 பதிப்பு, ஈகிரெப்பை ஓட்டும்போதெல்லாம் ‘இது வழக்கொழிந்தது, வேறு விதமாக எழுது’ என்று ஒரு வரியைக் காட்ட ஆரம்பித்தது. அந்த வரி யார் கண்ணில் படுகிறது? வேறெதோ மென்பொருளை நிறுவ உட்கார்ந்த ஒருவர் கண்ணில். ஈகிரெப்பைக் கூப்பிடும் ஸ்கிரிப்டை அவர் எழுதவில்லை, அவரால் திருத்தவும் முடியாது. எழுதியவரோ எங்கோ இருக்கிறார். ஜாவாஸ்கிரிப்ட் உலகில் என்பிஎம் வழியாக எதையாவது நிறுவிப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி பழகியது. நாம் கேட்டது ஒரு பொதி. அது இழுத்துவரும் பொதிகள் ஏராளம். அவற்றில் பலவற்றைப் பற்றி எச்சரிக்கை மேல் எச்சரிக்கை. முதல் வாரம் படிப்போம், அப்புறம் கண் தானாகத் தாண்டிப் போகும்.

தவறான ஆளிடம் போகிறதே என்று எச்சரிக்கையை மறைத்தால் என்ன ஆகும் என்பதையும் பைதான் மொழி செய்து பார்த்துவிட்டது. 2010இல் வந்த 2.7 பதிப்பிலும் அடுத்து 3.2இலும் இந்த வகை எச்சரிக்கைகளைச் சாதாரணமாகக் காட்டுவதில்லை என்று முடிவெடுத்தார்கள். செயலியைப் பயன்படுத்துகிறவருக்கு, அதை எழுதியவருக்கான செய்தி எதற்கு என்பது நியாயமான காரணம்தான். ஆனால் எழுதியவர்களும் பார்க்காமல் போனார்கள். 2018இல் வந்த 3.7 பதிப்பில், நேரடியாக ஓட்டும் கோப்பில் மட்டும் மறுபடி காட்டத் தொடங்கினார்கள். இந்த மறைப்பைத் தாண்டுவதற்காகவே, பைதானில் எண்கணக்குகளுக்கான லைப்ரரியான நம்பை ‘கண்ணுக்குத் தெரியும் எச்சரிக்கை’ என்று தனியாக ஒரு வகையை வைத்துக்கொண்டது.

அடுத்தது, கெடு. பைதானின் கலெக்ஷன்ஸ் தொகுதியிலிருந்த சில வகுப்புகளை 2012இல், 3.3 பதிப்பில் வேறு இடத்துக்கு மாற்றினார்கள். பழைய இடத்திலும் அவை கிடைத்துக்கொண்டிருந்தன. 3.7 பதிப்பு, ‘3.8இல் இது நின்றுவிடும்’ என்றது. 3.8 வந்தது, நிற்கவில்லை, ‘3.9இல் நின்றுவிடும்’ என்றது. 3.9 வந்தது, ‘3.10இல்’ என்றது. 2021இல் 3.10 வந்தபோது நிஜமாகவே எடுத்துவிட்டார்கள். பழைய லைப்ரரிகள் வரிசையாக விழுந்தன. பைதான் 2இலிருந்து மாறிவருபவர்கள் சிரமப்படக் கூடாது என்று இரக்கப்பட்டுத்தான் கெடுவைத் தள்ளினார்கள். ஆனால் இரண்டு முறை பொய்த்த கெடுவை மூன்றாம் முறை யார் மதிப்பார்?

இங்கே ஒரு கேள்வி வரும். இவர்கள் பெரும்பாலும் சம்பளமில்லாமல், ராத்திரி கண்விழித்து எழுதித் தருகிறவர்கள். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா? உத்தரவாதம் எதுவுமில்லை என்று உரிமத்திலேயே எழுதியிருக்கிறதே? எல்லாம் சரி. பழையதை நீக்கவே கூடாது என்று நானும் சொல்லவில்லை. லினக்ஸ் பிறந்ததே 386 கணினியில்தான். அந்த 386க்கான ஆதரவையே 2012 கடைசியில் எடுத்துவிட்டார்கள், தவறில்லை. “எங்களால் இனி இதைச் சுமக்க முடியாது, எடுக்கிறோம்” என்று ஒரு பராமரிப்பாளர் சொன்னால் அதில் நேர்மை இருக்கிறது, கேட்டுக்கொள்ளலாம். “உன்னிடம் சொன்னோம், நீதான் கேட்கவில்லை” என்பது வேறு பேச்சு. அது தன் முடிவின் செலவை அடுத்தவர் தலையில் கட்டி, கூடவே குற்றத்தையும் ஏற்றிவிடுகிறது.

வேறு வழி இருக்கிறது என்று காட்டியவர்களும் இதே உலகில்தான் இருக்கிறார்கள். புதிய லினக்ஸ் கெர்னலால் பயனரின் நிரல் ஒன்று நின்றுபோனால் அது கெர்னலின் பிழை என்பது லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் பிடிவாதமாகக் காக்கும் விதி. கெர்னலுக்குள்ளே மாற்றம் செய்யலாம். ஆனால் மாற்றுகிறவரே, கெர்னலின் மூல நிரலுக்குள் அதைப் பயன்படுத்தும் இடங்களை எல்லாம் தேடித் திருத்த வேண்டும். ரஸ்ட் மொழி தன் விதிகளை 2015, 2018, 2021 போன்ற தனித்தனிப் பதிப்புகளாகப் பிரித்துவைத்து, பழைய பதிப்பில் எழுதியதைப் பழைய விதிப்படியே ஓடவிடுகிறது. புதியதற்கு மாற விரும்புகிறவருக்குப் பெரும்பாலான திருத்தங்களைத் தானே செய்துகொடுக்கும் கருவியையும் தருகிறது. நம்பை 2022 டிசம்பரில் 1.24 பதிப்பில் ‘என்பி.இன்ட்’ போன்ற பழைய பெயர்களை எடுத்தபோது, அவற்றைக் கூப்பிடுகிறவருக்கு வரும் பிழைச்செய்தியிலேயே இதற்குப் பதில் எதை எழுத வேண்டும் என்று சொல்லிவைத்தது. நின்றுபோன நிரலுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குத் தேவை அந்த ஒரு வரிதான்.

ஆகவே ஒரு வசதியை எடுக்குமுன் பராமரிப்பாளர் மூன்று கேள்விகளுக்கு விடை வைத்திருக்க வேண்டும். இதை நம்பியிருப்பவர் யார்? நம் எச்சரிக்கை, அதைத் திருத்தக்கூடியவர் கையில் போய்ச் சேர்கிறதா? சேர்ந்தால், அவர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது அதில் இருக்கிறதா? விடை தெரியவில்லை என்றாலும் எடுக்கலாம், அது அவர்கள் உரிமை. ‘அப்போதே சொன்னோமே’ என்று மட்டும் பிறகு யாரிடமும் சொல்லக் கூடாது.