டேலி தெரியும், டிடிஎல் தெரியாது

எங்கள் வகுப்பில் அறுபது பேர். அறுபது பேரிடமும் டேலி சர்டிபிகேட் இருக்கிறது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் ஏதாவது ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்கு மூன்று மாதம் போய் வாங்கியது. லெட்ஜர் கிரியேட் பண்ணுவார்கள், வவுச்சர் போடுவார்கள், ஜிஎஸ்டி ரிப்போர்ட் எடுப்பார்கள். லைசென்ஸ் இல்லாத எஜுகேஷனல் மோடில் 1, 2, 31 ஆகிய தேதிகளில்தான் என்ட்ரி போட முடியும். அதனால் எங்களைப் பொறுத்தவரை எந்த வியாபாரியும் மாதத்தில் மூன்று நாள்தான் கடை திறக்கிறான் :-)

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்த அறுபது பேரிடம் "டிடிஎல் தெரியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். "அது கம்ப்யூட்டர் சயின்ஸ் பசங்க சமாச்சாரம்" என்பார்கள். பக்கத்து பிளாக்கில் போய் கம்ப்யூட்டர் சயின்ஸ் பசங்களிடம் கேட்டால், "டேலியா? அது காமர்ஸ்காரங்க சமாச்சாரமாச்சே". ஆக மொத்தம் யாருக்கும் சொந்தமில்லாத அநாதை மொழி.

தெரியாதவர்களுக்கு: டிடிஎல் என்றால் டேலி டெஃபனிஷன் லாங்குவேஜ். ஷியாம் சுந்தர் கோயங்காவும் அவர் மகன் பரத் கோயங்காவும் 1986-ல் பெங்களூரில் தொடங்கிய கம்பெனியின் சாஃப்ட்வேர் டேலி. அதில் நாம் பார்க்கும் திரைகள் இந்த மொழியில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. சி, ஜாவா மாதிரி "முதலில் இதைச் செய், அப்புறம் அதைச் செய்" என்று கட்டளையாக அடுக்கும் மொழி இல்லை. இது ஒரு ரிப்போர்ட், அதற்குள் ஒரு ஃபார்ம், ஃபார்முக்குள் பார்ட், பார்ட்டுக்குள் லைன், லைனுக்குள் ஃபீல்ட் என்று வர்ணித்துக்கொண்டே போவது. ஏற்கெனவே இருக்கும் பில்லில் ஒரு கட்டம் கூடுதலாக வேண்டுமா? அந்த ஃபார்மின் பெயருக்கு முன்னால் ஒரு ஹாஷ் குறி போட்டு, "இதைச் சேர்" என்று எழுதினால் போதும்.

"டூல்ஸ் கிடைக்காதே" என்று ஜல்லியடிப்பவர்களுக்கு ஒரு தகவல். நோட்பேட் போதும். எழுதி சேவ் பண்ணி, ஃபைல் எங்கே இருக்கிறது என்று டேலிக்குக் காட்டினால் வேலை முடிந்தது. அதற்கு மேல் வசதி வேண்டுமென்றால் டேலி டெவலப்பர் என்று கம்பெனியே ஒரு எடிட்டர் வைத்திருக்கிறது. உண்மையான சிக்கல் சொல்லித்தர ஆள் இல்லாததுதான். எங்கள் பேப்பரில் "எஃப்7 அழுத்தினால் என்ன வவுச்சர் வரும்?" என்று இரண்டு மார்க்குக்குக் கேட்கிறார்கள். ஜர்னல் என்று எழுதிவிட்டு வந்துவிடுகிறோம்.

அடுத்தது காசு. இதில்தான் எனக்கு வயிற்றெரிச்சல்.

ஈரோட்டில் தெரிந்தவர் ஒருவர் மஞ்சள் மண்டி வைத்திருக்கிறார். மூட்டையின் மொத்த எடை, அதில் சாக்கு எடை கழிவு, மிச்சம் நிகர எடை. குமாஸ்தா இதைக் கால்குலேட்டரில் போட்டு, நிகர எடையை மட்டும் டேலியில் ஏற்றி, பில் பிரிண்ட் ஆனதும் மற்ற இரண்டையும் லாட் நம்பரையும் பேனாவால் எழுதுவார். தினமும். வருடக்கணக்காக! நான் மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் பில்லுக்குள்ளேயே கொண்டுவந்தேன். மூட்டை எடையை அடித்தால் நிகரம் தானாக வரும்.

அண்ணன் அசந்துவிட்டார். "எவ்வளவுங்க தம்பி ஆச்சு?" என்றார். நான் தலையைச் சொறிந்துகொண்டு, "பார்த்துக் குடுங்கண்ணா" என்றேன். பார்த்துக் கொடுத்தார். 500 ரூபாயும் ஒரு டீயும்.

கதை அதோடு முடியவில்லை. நான் கொடுத்தது சாதாரண டெக்ஸ்ட் ஃபைல். இரண்டே மாதத்தில் பென் டிரைவில் ஏறி இன்னும் மூன்று மண்டிகளுக்குப் போய்விட்டது. நாமாகப் புதிதாகச் சேர்க்கும் கட்டத்துக்கு டிடிஎல்லில் யுடிஎஃப் என்று பெயர், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் கொடுக்க வேண்டும். அந்த மூன்றில் ஒரு மண்டியில் வேறு யாரோ எழுதிய ஃபைலும் ஓடிக்கொண்டிருந்தது, அதே எண்ணோடு. விளைவு, லாட் நம்பர் வரவேண்டிய இடத்தில் லாரி டிரைவர் பெயர். செமஸ்டர் பரீட்சைக்கு முந்தின ராத்திரி எனக்கு போன்: "தம்பி, நீங்க போட்டுக் குடுத்த ப்ரோக்ராம் சரியில்லீங்க". பேசியவர் யாரென்றே எனக்குத் தெரியாது. பத்து பைசா கொடுத்ததில்லை. ஆனால் நான் பதில் சொல்ல வேண்டும்!

மண்டிக்காரரைத் திட்டி என்ன பிரயோஜனம்? மஞ்சளுக்கே பேரம் பேசுகிறவர், எனக்குப் பேசமாட்டாரா? லைசென்ஸுக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்தாயிற்று, இதெல்லாம் கூட வரும் கொசுறு என்று நினைக்கிறார். அப்படி நினைக்க வைத்தது யார்? "சின்ன சேஞ்ச்தானேண்ணா" என்று சும்மா செய்து கொடுத்த புண்ணியவான்கள். அந்த வரிசையில் நானும் போய் நின்றேனே, அதுதான் கொடுமை. ஃபைலை கம்பைல் பண்ணி, அந்தக் கடையின் டேலி சீரியல் நம்பருக்கு மட்டும் ஓடுகிற மாதிரி கொடுக்க வழி இருக்கிறது. எனக்கு அது தெரியும். ஒரு கூச்சம், கொடுக்கவில்லை. எந்தெந்த எண்ணைப் பயன்படுத்தினேன் என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தால்கூட அந்த ராத்திரி போன் வந்திருக்காது.

சீனியர்கள் சொல்வது வேறு. "இதெல்லாம் ஒரு லாங்குவேஜா? உருப்படியா பைத்தான் படி". பாதி நியாயம்தான். ஒரே ஒரு கம்பெனியின் ஒரே ஒரு சாஃப்ட்வேருக்குள் மட்டும் ஓடுகிற மொழி, பெங்களூரில் புது வெர்ஷன் விட்டால் இங்கே நாம் எழுதியதை எல்லாம் திரும்ப ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வேலை இல்லை என்று மட்டும் பீலா விடாதீர்கள். 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தபோது பில்லின் வடிவமே மாறியது. 2020 அக்டோபரில் 500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு வந்த இ-இன்வாய்ஸ் படிப்படியாக இறங்கி, 2023 ஆகஸ்ட் 1-ல் 5 கோடியைத் தாண்டியவர்கள் வரை வந்துவிட்டது. பில்லில் க்யூஆர் கோடு வர வேண்டும். தனக்கென்று பில்லை மாற்றி வைத்திருந்த ஒவ்வொரு கடைக்கும் ஆள் தேவைப்பட்டது. பைத்தானில் எழுதியும் டேலிக்குள் எக்ஸ்எம்எல் வழியாக என்ட்ரி அனுப்பலாம்தான். அதை எழுதுகிறவனும் எது டெபிட், எது கிரெடிட் என்று பி.காம் படித்தவனிடம்தான் வந்து கேட்க வேண்டும். நாமோ, ப்ரோக்ராமிங் நமக்கு ஆகாது என்று எட்டாயிரத்துக்கும் பத்தாயிரத்துக்கும் அடுத்தவன் பில்லை என்ட்ரி போடப் போகிறோம்.

போன மாதம் இன்னொரு மண்டியில் கூப்பிட்டார்கள். இந்தத் தடவை கூச்சப்படவில்லை. 6,000 ரூபாய், பாதி முன்பணம், ஒரு வருடத்துக்குள் வெர்ஷன் மாறினால் நானே சரிபண்ணித் தருகிறேன் என்று பேப்பரில் எழுதியே கொடுத்தேன். "யோசிச்சுச் சொல்றேனுங்க" என்றார். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

இதற்கிடையில் எங்கள் காலேஜ் ஜூனியர் ஒருவன் அதே வேலையை 400 ரூபாய்க்கு முடித்துத் தருவதாகச் சொல்லியிருப்பதாகக் கேள்வி. அவனுக்கு டிடிஎல் சொல்லிக்கொடுத்ததே நான்தான். டேய் தம்பி, அந்த டீயையாவது மறக்காமல் கேட்டு வாங்கிக் குடி.