தகுதியானவர் எவருமில்லை

பல்கலைக்கழக வளாகத்தில் வாழ்பவர்களுக்கு இந்தத் தொடரை விளக்க வேண்டியதில்லை. ஒதுக்கீட்டுப் பணியிடத்துக்கு விளம்பரம் வரும், விண்ணப்பங்கள் குவியும், நேர்காணலும் நடக்கும். இறுதியில் கோப்பில் ஒற்றை வரி எழுதப்படும்: தகுதியானவர் எவருமில்லை. இடம் காலியாகவே கிடக்கும். அந்தப் பாடத்தை ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் மறுநியமனத்தில் வந்து நடத்துவார். அவர் நன்றாகவே நடத்துவார். அதனாலேயே எவரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

2025 நவம்பர் 18 அன்று டாக்காவில் இந்திய ஆண்கள் கால்பந்து அணி வங்கதேசத்திடம் 0-1 எனத் தோற்ற இரவில் எனக்கு அந்த வரிதான் நினைவுக்கு வந்தது. வங்கதேசத்திடம் இருபத்திரண்டு ஆண்டுகளில் நாம் கண்ட முதல் தோல்வி அது. அதற்கு முன்பே, அக்டோபர் 14 அன்று கோவாவில் சிங்கப்பூரிடம் 1-2 எனத் தோற்று 2027 ஆசியக் கோப்பைக்கான வாய்ப்பை இழந்துவிட்டோம். தகுதிச் சுற்றின் முதல் ஐந்து ஆட்டங்களில் இந்தியா அடித்தவை இரண்டே கோல்கள். வெற்றி ஒன்றுகூட இல்லை.

இனி வழக்கமான குற்றப்பத்திரிகை வாசிக்கப்படும். முதற்குற்றவாளி பயிற்சியாளர்; இரண்டாம் குற்றவாளி அவர் கையிலிருக்கும் அணிப்பட்டியல். அந்தப் பட்டியலில் நாற்பதைக் கடந்த சுனில் சேத்ரியின் பெயர் இடம்பெற்றது எல்லாவற்றுக்கும் மேலான குற்றம். இந்தக் குற்றப்பத்திரிகையை நான் ஏற்கவில்லை. அதில் சொல்லப்படும் செய்திகள் பொய்யல்ல; குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டவர்தாம் தவறானவர்.

நிகழ்ந்ததை வரிசையாக வைத்துப் பார்ப்போம். 2024 ஜூன் 6 அன்று கொல்கத்தாவின் சால்ட் லேக் மைதானத்தில், குவைத்துக்கு எதிரான கோலற்ற ஆட்டத்தோடு சேத்ரி ஓய்வு பெற்றார். அப்போது அவர் பெயரில் 94 சர்வதேசக் கோல்கள் இருந்தன. அந்த ஆண்டு முழுவதிலும் இந்தியா ஓர் ஆட்டத்திலும் வெல்லவில்லை. 2025 மார்ச்சில் அப்போதைய பயிற்சியாளர் மனோலோ மார்க்கெஸ் அவரைத் திரும்ப அழைத்தார். ஷில்லாங்கில் மாலத்தீவுக்கு எதிராக அவர் 95ஆவது கோலை அடித்தார். அடுத்த வாரம் வங்கதேசத்துக்கு எதிராக யாருமே அடிக்கவில்லை. மார்க்கெஸ் விலகினார். ஆகஸ்டில் பொறுப்பேற்ற காலித் ஜமீல், மத்திய ஆசிய நாடுகளின் போட்டிக்குச் சேத்ரியை அழைக்காமலே அணியைக் கொண்டுசென்று ஓமானை வென்று மூன்றாம் இடத்தைப் பெற்றார். ஆனால் அக்டோபரில் சிங்கப்பூரை எதிர்கொள்ளும் நேரம் வந்ததும் அவரும் சேத்ரியையே அழைத்தார்.

ஒருவர் ஸ்பானியர், மற்றவர் இந்தியக் குழுக்களிலேயே வளர்ந்து உயர்ந்தவர். ஆட்டத்தைப் பற்றிய இருவரின் பார்வையும் வேறு. இருப்பினும் இருவரும் ஒரே கதவைத்தான் தட்டினார்கள். இரண்டு வெவ்வேறு ஆய்வாளர்கள் ஒரே முடிவுக்கு வந்தால் பிழையை ஆய்வாளர்களிடம் தேடுவதா, தரவில் தேடுவதா?

தரவு இதுதான். இந்தியன் சூப்பர் லீக் 2014இல் தொடங்கியது. 2024-25 வரையிலான பதினோரு பருவங்களில் அதிகக் கோல் அடித்தவருக்கான விருதை ஓர் இந்தியர்கூடப் பெற்றதில்லை. எலானோ, கோரோ, வால்ஸ்கிஸ், ஒக்பெச்சே, டயமண்டாகோஸ் எனப் பட்டியல் நீள்கிறது. கடைசிப் பருவத்தில் மொராக்கோவின் அலாஎத்தீன் அஜாரை 23 கோல்கள் அடித்தார். இந்தியர்களில் முதலிடம் 14 கோல்களுடன் சேத்ரிக்கு. அதே பருவத்தில் 6 கோல்களுடன் முன்னணி இந்தியர் வரிசையில் நின்ற இன்னொருவர் மோகன் பகானின் சுபாசிஷ் போஸ். அவர் பின்கள வீரர்! ஒரு நாட்டின் முதல்நிலை லீக்கில் கோலடிக்கும் உள்நாட்டவரைத் தேடினால் ஓய்விலிருந்து திரும்பியவரும் தடுப்பாட்டக்காரரும் கிடைக்கிறார்கள் என்றால், தேசியப் பயிற்சியாளர் பட்டியலில் வேறு யாரைத்தான் எழுதுவார்?

‘தகுதி அடிப்படையில்தான் சேத்ரி தேர்வானார்’ என்று ஒரு தரப்பு வாதிடுகிறது. உண்மைதான். ஆனால் அந்தத் தகுதி எங்கே அளக்கப்பட்டது? ஆடுகளத்தில் நிமிடங்கள் தரப்பட்டவர்களுக்கு இடையில் மட்டும். ஆடாதவருக்குக் கோல் கணக்கு இல்லை. கோல் கணக்கு இல்லாதவருக்கு ஆட்டம் இல்லை. பாடம் நடத்திய அனுபவம் இல்லை என்று வேலை மறுக்கப்பட்டு, வேலை இல்லாததால் அனுபவமும் பெறமுடியாத ஆய்வு மாணவர் எவருக்கும் இந்தச் சுழல் புதிதன்று. தகுதி என்பது மரத்திலிருந்து தானாக விழும் கனியல்ல. யாருக்கு நீர் ஊற்றப்பட்டது என்ற கேள்வியை மறைத்துவிட்டு, காய்த்த மரத்தை மட்டும் காட்டுவது நியாயமுமல்ல, அறிவியலுமல்ல.

இங்கே சிலர் உடனே மறுப்பார்கள்: ‘லீக்கில் உள்நாட்டவருக்கென விதி இருக்கிறதே?’ இருக்கிறது. முதலில் களத்தில் குறைந்தது 5 இந்தியர்; 2017இல் 6; 2021 முதல் 7. எண்ணிக்கை ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. என் வாதத்தின் மையம் இங்குதான் இருக்கிறது. விதி தலைகளை எண்ணுகிறது, இருக்கைகளை எண்ணுவதில்லை. எந்த ஏழு இடங்கள் என்று அது கேட்பதே இல்லை. ஆகவே குழுக்கள் நான்கு அயல்நாட்டவரையும் ஆட்டத்தின் முதுகெலும்பில் நிறுத்துகின்றன: நடுப் பின்களத்தில் ஒருவர், நடுக்களத்தில் ஒருவர் அல்லது இருவர், முன்னே நடுவில் ஒருவர். எஞ்சிய ஓரங்கள் இந்தியருக்கு. ஒதுக்கீட்டை எண்ணிக்கையில் நிறைவேற்றிவிட்டு, முடிவெடுக்கும் இருக்கைகளில் மறுக்கும் தந்திரத்தை நம் நிறுவனங்களில் நாம் பார்த்ததில்லையா? இரண்டும் ஒரே அளவு அநீதி என்று நான் சொல்லவில்லை. ஒன்று தலைமுறைகளின் விலக்கல். மற்றொன்று ஒரு விளையாட்டின் சந்தைக் கணக்கு. ஆனால் இரண்டிலும் ஒளிந்திருக்கும் தருக்கம் ஒன்றே.

இதற்குச் சான்று வேண்டுமெனில், நம் கண்முன்னே இயற்கையான பரிசோதனை ஒன்று நடந்திருக்கிறது. லீக்கின் தொடக்கப் பருவங்களில் சில குழுக்கள் அயல்நாட்டு கோல்கீப்பர்களை வைத்திருந்தன. நாளடைவில், அரிதான அயல்நாட்டு இடத்தைக் கோல் கம்பங்களுக்கு நடுவே வீணாக்கலாகாது என்று கணக்கிட்டு, அந்த இடத்தை இந்தியருக்கு விட்டன. விளைவு என்ன? குர்பிரீத் சிங் சந்து, அம்ரிந்தர் சிங், விஷால் கைத் என்று தேசிய அணிக்கு ஒரே நேரத்தில் மூன்று நல்ல கோல்கீப்பர்கள். ஓரங்களில் சாங்தே, லிஸ்டன் கொலாசோ, மகேஷ் சிங் எனப் பக்கவாட்டு ஆட்டக்காரர்களுக்கும் பஞ்சமில்லை. எந்த இருக்கையில் அமரவிட்டோமோ அந்த இருக்கைக்கு ஆள் உருவானார்கள். அமரவிடாத இருக்கை மட்டும் காலியாக இருக்கிறது. இந்தியர் உடலில், உணவில், மரபணுவில் குறை காண்பவர்கள், அந்தக் குறை ஏன் நடு முன்களத்தை மட்டும் தாக்குகிறது என்று விளக்கவேண்டும்.

முன்கள வீரர்கள் பிறக்காமலா இருக்கிறார்கள்? பிறக்கிறார்கள், பிறகு நகர்த்தப்படுகிறார்கள். 2023 நவம்பரில் குவைத்தை அதன் மண்ணிலேயே 1-0 என வென்றபோது அந்தக் கோலை அடித்தவர் மன்வீர் சிங். முன்கள வீரராக அறியப்பட்ட அவரைக் கொல்கத்தாவில் அவருடைய குழு ஆண்டுக்கணக்கில் வலது ஓரத்தில் ஆடவைத்தது. சேத்ரியேகூட பெங்களூரு குழுவில் மிக்கு நடுவில் நிற்க இடது ஓரத்தில் ஆடியவர்தான்.

தமிழகத்திலிருந்து சென்ற சிவசக்தி நாராயணன் 2022-23 பருவத்தில் பெங்களூரு குழுவின் முன்களத்தில் ராய் கிருஷ்ணாவுக்குத் துணையாகத் தொடர்ந்து இறக்கப்பட்டார். சேத்ரி வெளியே அமர்ந்திருந்த ஆட்டங்கள் பல. அந்தப் பருவத்தின் வளரும் வீரர் விருது சிவசக்திக்குக் கிடைத்தது. குழுவும் இறுதி ஆட்டம் வரை சென்றது. இன்னும் முன்னே போனால் ஜேஜே லால்பெக்லுவா. 2017-18இல் சென்னையின் அணி கோப்பையை வென்றபோது முன்களத்தின் நடுவில் நின்று 9 கோல்கள் அடித்தவர் அவர். இந்திய ஸ்ட்ரைக்கரை நம்பினால் கோப்பை கைநழுவும் என்ற அச்சத்துக்கு அந்தக் கோப்பையே பதில்.

ஜேஜே எங்கிருந்து வந்தார் என்பதும் முக்கியம். இளையோரைக் கொண்டு கூட்டமைப்பு 2010இல் தொடங்கிய ஆரோஸ் அணியிலிருந்து. அந்த அணி தோற்றுக்கொண்டே இருந்தது. ஆனால் தோற்கும் அணியில் தொண்ணூறு நிமிடம் ஆடியவன், வெல்லும் அணியின் இருக்கையில் ஒன்பது நிமிடம் ஆடியவனைவிட அதிகம் கற்றான். இடையில் ஒருமுறை நின்று மீண்டும் உயிர்பெற்ற அந்தத் திட்டம் 2022இல் கலைக்கப்பட்டது. அதன் விலையைத்தான் இன்று செலுத்திக்கொண்டிருக்கிறோம்.

‘திறமையான பயிற்சியாளர் இல்லாததை உண்டாக்குவார், ரஹீம் செய்யவில்லையா?’ என்று கேட்கும் மூத்த ரசிகர்களுக்கு ஒரு சொல். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் சையத் அப்துல் ரஹீம், தலையில் காயம்பட்ட பின்கள வீரர் ஜர்னைல் சிங்கை முன்களத்தில் நிறுத்தினார். ஜர்னைல் அரையிறுதியிலும் இறுதியிலும் கோல் அடித்தார். தென்கொரியாவை 2-1 என வென்று தங்கம் பெற்றோம். அற்புதமான முடிவு, ஐயமில்லை. ஆனால் ஜர்னைலைச் சுற்றி அன்று இருந்தவர்கள் யார்? பி.கே. பானர்ஜி, சுனி கோஸ்வாமி, துளசிதாஸ் பலராம். மூவரும் தத்தம் குழுக்களிலும் முன்களத்தில் ஆடி வளர்ந்தவர்கள். நிறைந்த களஞ்சியம் உடையவனின் துணிச்சல் அது. வெறும் பானையை வைத்துக்கொண்டு அதே துணிச்சலை ஜமீலிடம் கேட்பது நியாயமாகாது.

‘அயல்நாட்டவரோடு போட்டியிட்டால்தானே தரம் உயரும்?’ என்பது அடுத்த மறுப்பு. பயிற்சியில் அவர்களோடு மோதினால் உயரும். ஆனால் ஆட்ட நாளில் வெளியே அமர்ந்திருப்பவன் யாரோடும் மோதுவதில்லை. ஜப்பானைச் சான்று காட்டுவார்கள்; 1993இல் அங்கு லீக் தொடங்கியபோது ஜிக்கோவும் லினேகரும் வந்தார்கள் என்பார்கள். வந்தார்கள். ஆனால் லீக்குக்கு வெளியே இளையவர் ஆடுவதற்குப் பள்ளிகளும் பல்கலைக்கழகங்களும் ஜப்பானில் இருந்தன. இன்று உலகறிந்த மிதோமா, சுகுபா பல்கலைக்கழகத்தில் படித்து, பந்தைக் கடத்திச் செல்லும் உத்தியையே பட்ட ஆய்வாக எழுதி முடித்துத்தான் தொழில்முறைக் குழுவில் சேர்ந்தார். நம் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு எதற்கு என்பதை இதைப் படிக்கும் பேராசிரியர்கள் அறிவார்கள்: வருகைப் பதிவில் ஒரு சலுகைக்கும், சேர்க்கையில் ஓரிரு இடங்களுக்கும்.

ஆஸ்திரேலியாவில் பிறந்த ரயான் வில்லியம்ஸ் அந்நாட்டுக் குடியுரிமையைத் துறந்து இந்தியராகியிருக்கிறார். அவரை மனமார வரவேற்கிறேன். இந்தியத் தாயின் மகன் இந்தியாவுக்கு ஆடுவதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. ஆனால் அவரை உருவாக்கியது வேறொரு நாட்டின் பயிற்சிமுறை. அயல்நாட்டு ஸ்ட்ரைக்கரை நம்பிய லீக் உண்டாக்கிய வெற்றிடத்தை, அயல்நாட்டில் பயின்ற ஸ்ட்ரைக்கரைக் கொண்டு அடைப்பது மருந்தாகாது. அது அதே நோயின் இன்னோர் அறிகுறி.

என்ன செய்யலாம்? எந்த இடத்தில் யார் நிற்கவேண்டும் என்று சட்டம் இயற்ற முடியாது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நிமிடங்களைக் கணக்கிட முடியும். 23 வயதுக்குட்பட்ட இந்தியர் நடு முன்களத்தில் ஆடிய நிமிடங்களைப் பருவந்தோறும் கூட்டமைப்பு வெளியிடட்டும். குழுக்களுக்குப் பகிரப்படும் வருவாயில் ஒரு பங்கை அதனோடு பிணைக்கட்டும். உள்நாட்டுக் கோப்பைப் போட்டி ஒன்றையாவது முழுக்க இந்தியர்களுக்கே விடட்டும். ஆரோஸ் போன்ற இளையோர் அணியை, தோற்கும் உரிமையோடு, குறைந்தது ஐந்தாண்டுகளுக்கு மீட்டெடுக்கட்டும். பெரிய குழுக்களின் வெளியிருக்கையில் வாடும் இருபது வயதுக்காரர்களை இரண்டாம் நிலை லீக்குக்கு இரவலாக அனுப்பட்டும். இவற்றில் எதற்கும் வானத்தைப் பிளக்க வேண்டியதில்லை. பயிற்சியாளரை மாற்றுவதைவிடக் கடினம், அவ்வளவுதான்.

ரசிகர்களாகிய நமக்கும் இதில் பங்கு உண்டு. நம் குழுவின் முன்களத்தில் இந்திய இளைஞன் ஒருவன் இரண்டு வாய்ப்புகளைத் தவறவிட்டால் மூன்றாம் வாரம் ‘வெளிநாட்டவனை வாங்கு’ என்று கூவுபவர்கள் நாம்தான். அதே நாம் தேசிய அணி தோற்ற இரவில் ‘ஏன் நமக்கொரு ஸ்ட்ரைக்கர் இல்லை?’ என்று அழுகிறோம். சனிக்கிழமை மறுத்ததைச் செவ்வாய்க்கிழமை கேட்பது எந்த அறம்?

ஐ.எம். விஜயன் ஆடிக்கொண்டிருந்தபோதே பைச்சுங் பூட்டியா வந்தார். பூட்டியா ஆடிக்கொண்டிருந்தபோது, 2005இல், சேத்ரி வந்தார். ஒருவர் நிழலில் மற்றவர் வளர்ந்த அந்தச் சங்கிலி சேத்ரியோடு அறுந்தது. இருபது ஆண்டுகள் இந்த நாட்டுக்காக ஓடிய மனிதரிடம் ஏன் இன்னும் போகவில்லை என்று கேட்பதை நிறுத்துவோம். அவர் போன பிறகும் அந்த இடம் ஏன் அவருக்காகவே காத்திருந்தது என்று கேட்போம்.

தகுதியானவர் எவருமில்லை என்று கோப்பில் எழுதுகிறவரிடம் நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே. இதுவரை எத்தனை பேரை உள்ளே அனுமதித்துப் பார்த்தீர்கள்?