சென்னாக்குன்னி போட்ட முருங்கைக்கீரை: வட சென்னை சட்டிக்குள்ள ஒரு அரசியல்!

மெட்ரோவுல விம்கோ நகர் போர்டை பார்த்திருப்பீங்க. 'வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி'ங்கிற தீப்பெட்டி கம்பெனியோட சுருக்கம்தான் அந்தப் பேர். 2021 பிப்ரவரியில மெட்ரோ இங்க வந்துச்சு. ஆனா, இந்த ஏரியாவோட இன்னொரு அடையாளம் கடலோரக் குப்பங்களோட அடுப்புல இருக்கு. கீரையும் கருவாடும்!

முருங்கைக்கீரையில சென்னாக்குன்னி, கீரைத்தண்டுல கருவாட்டுக் குழம்பு... ரெண்டுலயும் டெக்னிக் ஒண்ணுதான். பொடி இறாலான சென்னாக்குன்னியை வெறும் சட்டியில வறுத்து, மண் போக அலசி, சின்ன வெங்காயம், பூண்டு, காய்ஞ்ச மிளகாயோட வதக்கி, கீரையைப் போட்டு சிறு தீயில விடணும். கருவாடுன்னா உப்பைக் கடைசியில பார்த்துப் போடணும். ஏன்னா, அதுலயே உப்பு இருக்கு.

உலகம் முழுக்க இதே கதைதான். அமெரிக்காவின் தென் மாநிலங்கள்ல 'காலர்ட்' கீரையை, புகை போட்ட பன்றிக்கால் துண்டோட மணிக்கணக்கா வேகவைப்பாங்க. அடிமைகளாக்கப்பட்ட ஆப்பிரிக்கர்கள் கையில வளர்ந்த சமையல் அது. இலங்கையில, சூரை மீனை வேகவெச்சு, புகையில வாட்டி, வெயில்ல காயவெச்ச மாசியைத் தூளாக்கிக் கீரையில சேர்ப்பாங்க. நமக்கு வெயிலே போதும். ஆனா லாஜிக் ஒண்ணுதான். முழுத் துண்டு மீனோ கறியோ வாங்க முடியாத வீட்டுல, ஒரு கைப்பிடி போதும், சட்டி முழுக்க ருசி ஏறிடும்.

ருசி மட்டும் இல்லை. கீரையில இருக்கிற இரும்புச்சத்தை உடம்பு முழுசா எடுத்துக்காது. கூட மீனோ கறியோ கொஞ்சம் சேர்ந்தா அதிகமா எடுத்துக்கும். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுப்படி தமிழ்நாட்டுல 15-49 வயசுப் பெண்கள்ல 53.4 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. அப்போ இந்தச் சட்டி எவ்வளவு முக்கியம்னு யோசிச்சுப் பாருங்க. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்துலயும் கருவாடு கைகொடுக்கும்.

சிக்கல் எங்கன்னா, அந்தக் கைப்பிடி வர்ற தண்ணியில. 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெய் கலந்து எண்ணூர் கழிமுகத்துல படர்ந்துச்சு. மணலி சி.பி.சி.எல் வளாகத்துல இருந்து வந்ததுன்னு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொன்னுச்சு. எங்க குழாய்ல கசிவே இல்லைன்னு நிறுவனம் மறுத்துச்சு. அதே மாசம் 26-ம் தேதி ராத்திரி, பெரியகுப்பத்துல கடலுக்கடியில போற குழாய்ல இருந்து அமோனியா கசிஞ்சு ஊரே தெருவுக்கு வந்துச்சு.

எண்ணெய்க் கசிவுக்கு அரசு அறிவிச்ச நிவாரணம் சுமார் 8.68 கோடி ரூபாய். பாதிக்கப்பட்ட 2,301 மீனவக் குடும்பங்களுக்கு தலா 12,500 ரூபாய், 787 படகுகளுக்கு தலா 10,000 ரூபாய், இன்னும் 6,700 குடும்பங்களுக்கு தலா 7,500 ரூபாய். தேவையான பணம்தான். ஆனா, படகை எண்ணலாம், குடும்பத்தை எண்ணலாம். இறால் குஞ்சு வளர்ற கழிமுகச் சேறு கெட்டா அதை எதால எண்ணுறது? கருவாடு காயவெச்சு, கூடையில சுமந்து விக்கிற அக்காக்களுக்கு, சரக்கு மேல ஜனங்களுக்கு வர்ற சந்தேகத்தை எந்தத் தொகை தீர்க்கும்?

இங்கதான் நிவாரணத்துக்கும் தீர்வுக்கும் உள்ள வித்தியாசம். நிவாரணம் ஒரு தடவை கொடுத்து முடிஞ்சிடும். கழிமுகத்துத் தண்ணி, மீன், இறால் எல்லாத்தையும் தொடர்ந்து சோதிச்சு, முடிவை தமிழ்ல, குப்பத்து மக்கள் போன்ல பார்க்கிற மாதிரி வெளியிடுறதுதான் விக்கிறவங்களுக்கும் வாங்குறவங்களுக்கும் பாதுகாப்பு. 'இது எந்தக் கரைச் சரக்குக்கா?'ன்னு நீங்க கேட்டா, அவங்க தயங்காம பதில் சொல்ற நிலைமை வரணும். வட சென்னைக்காரங்க கேட்கிறது பெரிய சலுகை இல்லை. சாப்பாட்டுல பயம் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.